வாங்கப்பா, போவோம்

(கோத்தகிரியில் ஒரு சபை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்பு வாரங்களான திருவருகைக் காலத்தில் நடத்திய பட்டிமன்றம். தலைப்பு: ‘காத்திருக்கும் காலத்தில் நம்மைத் தாங்குவது கர்த்தர் தந்த வாக்குத்தத்தமா, அவருடைய பிரசன்னமா?’ ‘பிரசன்னமே’, அதாவது அவர் கூட இருப்பதே, என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைசி பெஞ்சு வரை நிறைந்திருக்கிற சபையாருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

எதிரணி அண்ணன் குறிஞ்சிப் பூவைக் காட்டினார். 12 ஆண்டு வெறும் பச்சையாக நிற்கிற செடியைத் தாங்குவது, பூப்போம் என்று அதற்குள் இருக்கிற வாக்குதான் என்றார். கேட்க அழகாக இருந்தது, நானும் கைதட்டினேன். ஆனால் அண்ணா, குறிஞ்சிக்குக் கணக்கு இருக்கிறது. கொடைக்கானல் மலையில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்து 2030 என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வருடம் தெரிந்தால் காலண்டரைக் கிழித்துக் கிழித்தே காத்திருந்துவிடலாம்.

ஆபிரகாமுக்கு யார் வருடம் சொன்னார்கள்? உனக்குச் சந்ததி தருவேன் என்ற வாக்கை நம்பி 75 வயதில் புறப்பட்டார். ஈசாக்கு பிறந்தபோது வயது 100. வருகிற வருஷம் பிள்ளை பிறக்கும் என்று காலம் குறித்துச் சொல்லப்பட்டதே 99-ஆவது வயதில்தான். அதுவரைக்கும் 24 வருடம், கையில் வாக்கு இருந்தது, தேதி இல்லை. அப்போது அந்த வீட்டில் என்ன நடந்தது? அவர் மனைவி சாராய், தன் அடிமைப்பெண் மூலம் பிள்ளை பெறலாம் என்று ஒரு வழி யோசித்தாள், ஆபிரகாம் சரி என்றார், நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் அந்த அடிமைப்பெண் ஆகார். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பத்து வருடம் பார்த்தவர்கள், வயதானவர்கள். வாக்கை மட்டும் இறுகப் பிடித்திருக்கிற கை, நாள் ஆக ஆக அதைத் தானே நிறைவேற்றிவிடப் பார்க்கும். நம் வீடுகளிலும் இது நடக்கிறது.

அந்த ஆகார் கர்ப்பிணியாக வனாந்தரத்துக்கு ஓடினாள். அங்கே ஒரு நீரூற்றின் பக்கத்தில் கர்த்தர் அவளைச் சந்தித்தார். அவளுக்கும் வாக்குத்தத்தம் கொடுத்தார், அதை நான் மறைக்கவில்லை. உன் சந்ததியைப் பெருகப்பண்ணுவேன் என்றார். ஆனால் அவள் அவருக்கு என்ன பெயர் வைத்தாள்? வாக்குத் தந்தவர் என்றா? ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று வைத்தாள். அந்த வெயிலில் அவளை எழுப்பித் திரும்ப நடக்க வைத்தது எது என்று அவளே சொல்லிவிட்டாள்.

நடுவர் ஐயா, இன்றைக்கு நீங்கள் கொடுத்த தலைப்பு சீனாய் மலையடிவாரத்தில் ஏற்கெனவே ஒரு தடவை பேசப்பட்டுவிட்டது. யாத்திராகமம் 33-ஆம் அதிகாரம். பொன் கன்றுக்குட்டி விவகாரம் முடிந்த நேரம். கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார்: நான் ஆணையிட்ட கானான் தேசத்துக்குப் போங்கள், ஒரு தூதனை முன்னே அனுப்புகிறேன், அங்கே குடியிருக்கிற ஆறு இனத்தாரையும் துரத்திவிடுகிறேன், பாலும் தேனும் ஓடுகிற தேசம், ஆனால் நான் உங்கள் நடுவே வரமாட்டேன்.

தயவுசெய்து இதை நிதானமாகப் பாருங்கள். வாக்குத்தத்தத்தில் ஒரு குறையும் வைக்கப்படவில்லை. நிலம் உண்டு, வெற்றி உண்டு, பாலும் தேனும் உண்டு. அவர் மட்டும் இல்லை. எதிரணி சொல்வது சரியென்றால் அந்த ஜனங்கள் அன்றைக்கே கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு பாட்டுப் பாடிக் கிளம்பியிருக்க வேண்டும். என்ன செய்தார்கள்? துக்கித்தார்கள். போட்டிருந்த நகைகளைக் கழற்றினார்கள். கன்றுக்குட்டியைக் கும்பிட்ட அதே ஜனங்களுக்குக்கூட இது புரிந்தது. மோசே சொன்னார்: ‘உம்முடைய சமுகம் என்னோடேகூடச் செல்லாமற்போனால், எங்களை இவ்விடத்திலிருந்து கொண்டுபோகாதிரும்.’ சமுகம் என்றால் பிரசன்னம்தான். எவ்விடத்திலிருந்து? பாறையும் மணலுமாகக் கிடக்கிற வனாந்தரத்திலிருந்து! நீர் இருக்கிற வனாந்தரம் போதும், நீர் இல்லாத கானான் வேண்டாம் என்கிறார். அந்த மனுஷன் கடைசிவரை கானானுக்குள் கால் வைக்கவே இல்லை. 120 வயதில் நேபோ மலையிலிருந்து கண்ணால் பார்த்ததோடு சரி. வாக்குத்தத்தம்தான் தாங்கியது என்றால் அவர் ஏமாந்து செத்தவர் என்று சொல்ல வேண்டிவரும். சொல்ல முடியுமா உங்களால்?

எதிரணித் தம்பி ஒருவர் ‘பிரசன்னம் சோறு போடுமா அக்கா?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி தம்பி, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற பிள்ளை அப்படித்தான் கேட்கும். போட்டதே! காலையில் பனி விலகியதும் தரையில் உறைபனிப் பொடி மாதிரி மன்னா கிடந்தது என்று எழுதியிருக்கிறது. ஜனவரியில் நம் புல்தரையில் வெள்ளையாகக் கிடக்குமே, அப்படி. அன்றன்றைக்கு உள்ளது அன்றன்றைக்கு, ஓய்வுநாளுக்கு மட்டும் முந்தின நாளே இரண்டு பங்கு. இப்படி 40 வருடம். கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோனது. அப்படியென்றால் அது காத்திருந்த காலத்துக்கென்றே வந்த சாப்பாடு.

யோசேப்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 17 வயதில், அண்ணன்மார் தன்னை வணங்குவதாகச் சொப்பனம் கண்டவர், 30 வயதில் பார்வோன் முன் நின்றார். நடுவில் அடிமை வீடும் சிறையும். அதைச் சொல்கிற ஆதியாகமம் 39-ஆம் அதிகாரத்தில் அந்தச் சொப்பனத்தைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. கர்த்தர் அவரோடு இருந்தார் என்பது மட்டும் நான்கு தடவை வருகிறது. வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள்.

இனி என் வீட்டுக் கதை. என் அப்பாயி இலங்கையில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினார்கள். அந்த எண்ணில் ஒருவர் அப்பாயி. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்தார். இங்கே உட்கார்ந்திருக்கிற பலர் வீட்டிலும் இதே கதைதான்.

அவருடைய தகரப்பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது. வீட்டுமனைப் பட்டாவுக்கு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்கிய ரசீது. மடித்த இடத்தில் கிழிந்துபோக, சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருந்தார். மறுபடி மடித்து மறுபடி பிரித்து, அந்தக் கோட்டில் இருந்த எழுத்தே அழிந்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை அதை எடுத்துக்கொண்டு போவார். ‘வரும்மா, வரும்’ என்பார்கள். திரும்பி வந்து பெட்டியில் வைப்பார்.

மனுஷன் வாக்கும் கர்த்தர் வாக்கும் ஒன்றா என்று எதிரணி கேட்கும். ஒன்றே இல்லை. வாக்குத்தத்தம் பண்ணினவர் உண்மையுள்ளவர் என்று நானும் விசுவாசிக்கிறேன், எங்கள் அணி முழுக்க விசுவாசிக்கிறது. நான் சொல்ல வந்தது ரசீதைப் பற்றி இல்லை. அதைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் காலை அப்பாயி எழுந்த விதத்தைப் பற்றி.

அஞ்சு மணிக்கு அடுப்பு எரியும். சாயத்தண்ணி குடித்துவிட்டு, இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்புவார். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து ‘வாங்கப்பா, போவோம்’ என்பார். தாத்தா அப்போது உயிரோடு இல்லை. யாரை அப்பாயி கூப்பிடுறீங்க என்று ஒரு நாள் கேட்டேன். ‘ஆண்டவரைத்தான். அவரு வரலேன்னா நான் மட்டும் அங்க போயி என்ன பண்ணப்போறேன்?’ என்றார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. மோசேயின் வார்த்தையை நான் பைபிளில் வாசிப்பதற்கு முன்னாலேயே அந்த வாசலில் கேட்டுவிட்டேன்.

ஐப்பசி மழைக் காலத்தில், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஒன்பது மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டது. நம் ஊர்ப் பனி உங்களுக்குத் தெரியும், நீட்டிய கை தெரியாது. பக்கத்து நிரையில் நின்ற அப்பாயி காணாமல் போய்விட்டார். போன வாரம்தான் அந்தப் பக்கம் காட்டெருமை வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கால் நடுங்கியது. ‘அப்பாயி’ என்றேன். ‘இருக்கேன் தாயி, நீ பறி’ என்று குரல் வந்தது. கொழுந்து ஒடிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். ‘இருக்கேன் தாயி.’ பனி எப்போது விலகும் என்று அவர் சொல்லவே இல்லை, அவருக்கும் தெரியாது. இருக்கேன் என்பதை மட்டும் சொன்னார். நான் பறித்தேன். மதியம் எடை போட்டபோது என் பங்கும் கூடையில் இருந்தது.

உம்முடைய நாமம் என்ன என்று மோசே கேட்டபோது கர்த்தர் என்ன சொன்னார்? ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்றார். செய்யப்போகிறவர், தரப்போகிறவர் என்று தன் பெயரைச் சொல்லவில்லை. இந்தத் திருவருகைக் காலத்தில் நாம் மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்கிறோமே, அந்த வாக்குத்தத்தம் நிறைவேறியபோது கையில் கிடைத்தது என்ன? இம்மானுவேல். தேவன் நம்மோடிருக்கிறார் என்று அர்த்தம். எதிரணி நண்பர்களே, நீங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற வாக்குத்தத்தத்தைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே எங்கள் அணியின் தலைப்புதான் எழுதியிருக்கிறது.

அப்பாயி போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டா வரவில்லை. ரசீது இன்னும் அந்தத் தகரப்பெட்டியில்தான் இருக்கிறது, என் அம்மா வைத்திருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை இப்போது அவர் எடுத்துக்கொண்டு போகிறார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். நாளைக்குத் திங்கட்கிழமை. அஞ்சு மணிக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அம்மா படங்கைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவார், திரும்பிப் பார்ப்பார், கூப்பிடுவார்.

வணக்கம்.