முத்துலட்சுமி பணம் என்கிறோமே, அந்த முத்துலட்சுமி

எல்லாருக்கும் வணக்கம். கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சிகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். குழந்தை அழுதால் அழட்டும், எழுந்து வெளியே போக வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் வேலை பார்த்தேன்.

நீடாமங்கலம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆனால் இன்றைக்கு ஜூலை 30, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாள், பேச வாருங்கள் என்று கூப்பிட்டதும் மறுக்க மனசு வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு பெண்.

குறுவை நடவு நேரம். மூன்று மாதக் கர்ப்பிணி, காலில் சேறு காயாமல் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாஸ்புக்கை எடுத்து என் மேஜையில் வைத்தாள், ஓரமெல்லாம் ஈரம். "முத்துலட்சுமி பணம் எப்பக்கா வரும்?" என்றாள். கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற மகப்பேறு உதவியைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். சொன்னேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "யாருக்கா அந்த முத்துலட்சுமி?" என்று கேட்டாள். பெரிய டாக்டரம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. எத்தனை படிவத்தில் அந்தப் பெயரை எழுதியிருப்பேன், 18,000 ரூபாய்க்கு எத்தனை பேரைப் பதிவு செய்திருப்பேன், யாரென்று தெரியாமலே. அன்று ராத்திரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் ஒன்றும் தூரத்து ஊர்க்காரர் இல்லை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். கல்லணைக் கால்வாய், அதுதான் நம் புது ஆறு, அதன் கடைமடை புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் போய்த்தான் முடிகிறது, அவ்வளவு பக்கம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், பெண்களைத் தேவதாசியாகக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண். இதை மூடி மறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த அம்மா பட்டதைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்த மகள் அப்படி ஆனார் என்று நான் நினைக்கிறேன்.

பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டிலேயே படித்து 1902-இல் மெட்ரிக் தேறினார். அடுத்துக் கல்லூரி. ஆண்கள் மட்டுமே படிக்கிற மகாராஜா கல்லூரியில் ஒரு பொண்ணு வந்து உட்காருவதா, எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்று பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். அங்கே படித்து முடித்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர், கர்னல் கிஃபர்டு, பெண்களைத் தன் வகுப்புக்குள்ளேயே விடாதவர். அந்தப் பாடத்தில் இவர் முதலாவதாக வந்து நின்றபோது அவருக்கும் மனசு மாறியது. 1912-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஒன்றைத் திருத்திச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலேயே முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அப்படி இல்லை. இவர் பிறந்த அதே 1886-இல் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். முத்துலட்சுமி அம்மா முதலாவதாக நின்ற இடம் வேறு. 1926-இல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் உறுப்பினர் அவர். உள்ளே போனதும் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

கல்யாணக் கதையையும் சொல்லவேண்டும், இங்கே கல்யாண வயசுப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டிக்கொண்டார். கட்டுவதற்கு முன்பே நிபந்தனை போட்டார்: என்னைச் சமமாக நடத்தவேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே வரக்கூடாது. அவர் சம்மதித்தார். இரண்டு பையன்கள் பிறந்தார்கள், ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி.

பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வைத்தியமும் பார்த்தார், சட்டசபைக்கும் போனார். அங்கே அவர் கையிலெடுத்தது அம்மாவின் வலியை. இதில் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. பொட்டுக்கட்டிய பெண்களுக்குக் கோவில் மானிய நிலம் உண்டு. கோவில் ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும், அந்தப் பயத்திலேயே அடுத்த தலைமுறைப் பெண்ணையும் பொட்டுக்கட்டி விடுவார்கள். நிலம் இல்லையென்றால் என்ன கதி என்று தஞ்சாவூர் ஜில்லாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 1929-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது: ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே. வெறும் நல்லது கெட்டது பேசிவிட்டுப் போகாமல், சோறு எங்கிருந்து வரும் என்று யோசித்தார் பாருங்கள், அதற்காகவே அவரைக் கும்பிடலாம். பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் சட்டம் வர 1947 ஆகிவிட்டது. அந்தப் போராட்டத்தில் மாயவரம் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார், ஊர் ஊராக மேடையேறிப் பேசினார். அரசு கல்யாண உதவிக்குப் படிவத்தில் எழுதினோமே அந்தப் பெயர், அவரேதான்.

பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறு பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எந்த விடுதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சரி, என் வீட்டிலேயே இருங்கள் என்று வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அடையாறு அவ்வை இல்லம். பெற்றது இரண்டு, வளர்த்ததற்குக் கணக்கில்லை.

இனி சொல்லப்போவதுதான் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது. 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அக்கா டாக்டர், இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலியை அவர் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. 1935-இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் எழுந்து நின்று, புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். நேரு அடிக்கல் நாட்டியது 1952-இல், ஆஸ்பத்திரி திறந்தது 1954-இல். தங்கை போய் 31 வருஷம் கழித்து, 67 வயதில், 12 படுக்கையோடு அடையாறில். அதைத் தோளில் சுமந்தவர் யார் தெரியுமா? இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. நல்ல சம்பாத்தியத்துக்குப் போயிருக்கவேண்டிய பிள்ளை, ஆயுசு முழுக்க அங்கேயே இருந்தார். ஆஸ்பத்திரி திறந்த அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 1968-இல் அம்மா கண்ணை மூடியபோது அந்த ஆஸ்பத்திரி வளர்ந்து நின்றது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். மார்பில் கட்டி. நடவு முடியட்டும் என்றார், களையெடுப்பு முடியட்டும் என்றார், தீபாவளி கழியட்டும் என்றார். இதெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டது, யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் நான் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன். கர்ப்பிணிகளைக் கேட்பேன், குழந்தைகளைக் கேட்பேன், அந்த அக்காவை ஒரு நாளும் கேட்டதில்லை. தெரிய வந்தபோது கட்டி புண்ணாகியிருந்தது. அடுத்த அறுவடையை அவர் பார்க்கவில்லை.

நாலு நாளில் ஆடிப்பெருக்கு. எல்லாரும் ஆற்றுக்குப் போவோம், சித்திரான்னம் கட்டுவோம், மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வோம். அதற்கு முன்னால், இந்தக் கூட்டம் முடிந்ததும், பின்பக்கத்து அறைக்கு வந்துவிட்டுப் போங்கள். இரண்டு சிஸ்டர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேரும் பெண்கள், ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறது. மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.