ஒலாஜுவானோட காலைப் பாருங்க: சென்டர் ஆடப்போற பிள்ளைங்களுக்கு

வணக்கம் மக்களே. செந்தூல்ல ஒரு தாமான் கோர்ட்ல நிக்கிறேன். மழை விட்டு இப்பதான் தரை காஞ்சிருக்கு. இன்னிக்குக் கூடைப்பந்துல ஒரே ஒரு ஆட்டக்காரர், ஹக்கீம் ஒலாஜுவான்.

ஏன் அவருன்னா, நம்ம பிள்ளைங்கள்ல யாராச்சும் மளமளன்னு உயர்ந்துட்டா, ரிங்குக்குக் கீழ நிக்க வெச்சு "கையைத் தூக்கிட்டு நில்லு"ன்னு சொல்லிடுறோம். அது அப்படியே நிக்கும், கால் மட்டும் பழகவே பழகாது. சென்டருக்கு, அதாவது ரிங்குக்குப் பக்கத்துல ஆடுற உயரமான ஆளுக்கு, கால்தான் மூலதனம். அதை ஒலாஜுவான் அளவுக்குக் காட்டினவங்க யாரும் இல்லைங்கிறது என் கணிப்பு.

1963-ல நைஜீரியாவுல, லாகோஸ்ல பிறந்தவரு. சின்ன வயசுல ஆடினது காற்பந்து, ஹேண்ட்பால். காற்பந்துல கோல்கீப்பர். கூடைப்பந்தைத் தொட்டதே 15 வயசுல. கோல்கீப்பருக்கு என்ன வேலை? பந்து எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்து, குறுக்கடி வெச்சு நகரணும். அந்தக் கால்தான் பின்னாடி அமெரிக்காவோட என்பிஏ லீக்ல 3,830 பிளாக்கா (எதிராளி போடுற ஷாட்டைத் தடுக்கிறது) மாறுச்சு. இன்னைக்கு வரைக்கும் அதை யாரும் தாண்டல. கூடவே 2,162 ஸ்டீல். ஒரு சென்டர் இத்தனை பந்தைத் தட்டிப் பறிச்சிருக்காருன்னா, கை நீளம் மட்டும் போதாது, கால் முந்திப் போயிருக்கணும்.

1980-ல ஹியூஸ்டன் பல்கலைக்கழகம் போனாரு. கோடை விடுமுறையில ஃபோண்டேங்கிற பொழுதுபோக்கு மையத்துல மோசஸ் மலோன்கூட ஆடினாரு. மலோன் அப்போ ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் அணியோட சென்டர், லீக்கோட பெரிய தலை. அவர் இடிச்ச இடியில கத்துக்கிட்டதுதான் உள்ளே நிக்கிற தெம்பு. 1984 டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்களை அணிங்க வரிசையா தேர்ந்தெடுக்கிறது) ஒலாஜுவானை முதல் ஆளா ராக்கெட்ஸ் எடுத்துச்சு. மைக்கேல் ஜோர்டன் அதே டிராஃப்ட்ல மூணாவது.

1993–94 சீசன்ல எம்விபி (லீக்கோட மிகச் சிறந்த ஆட்டக்காரர்), சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், இறுதிச்சுற்று எம்விபி மூணும் அவருக்கே. ஒரே சீசன்ல மூணையும் வாங்கினவரு அவர் ஒருத்தர்தான். அடுத்த வருஷம் ராக்கெட்ஸ் ஆறாவது இடத்துல இருந்து பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகள்) நுழைஞ்சு கோப்பையை அடிச்சுச்சு. வழியில, அந்த வருஷ எம்விபி டேவிட் ராபின்சன் இருந்த சான் அன்டோனியோவை வீழ்த்தினப்போ, ஆறு ஆட்டத்துல ஒலாஜுவானோட சராசரி 35.3 புள்ளி.

இப்போ விஷயத்துக்கு வருவோம். எதிராளியை ஏமாத்தித் திரும்புற அவரோட மூவ், ட்ரீம் ஷேக். பேரைக் கேட்டு மிரளாதீங்க, நாலு அசைவுதான்.

பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னால இருக்கிற எல்லைக்கோடு) உங்க வலது தோள் பக்கம் இருக்கட்டும், ரிங்குக்கு முதுகு. பந்தைப் பிடிக்கும்போது ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரையில விழணும். அப்படி விழுந்தா எந்தக் காலை வேணும்னாலும் பிவட் (ஊன்றி நின்னு திரும்புற கால்) ஆக்கலாம். ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன விழுந்தா முதல்ல விழுந்ததுதான் பிவட், பாதி வழி அடைஞ்சு போச்சு. பந்து தாடைக்குக் கீழ, முழங்கை வெளிய. இடுப்பு வரைக்கும் இறக்கினீங்கன்னா, பக்கத்துல வர்ற குட்டை கார்டு (ரிங்கை விட்டு வெளிய ஆடுறவன்) தட்டிட்டுப் போயிடுவான்.

அடுத்து இடது தோளையும் தலையையும் நடுப்பக்கம் சாய்ங்க. கால் நகரக் கூடாது. எதிராளியோட நெஞ்சு உங்க முதுகுல எந்தப் பக்கம் அழுத்துதுன்னு உணருங்க. நடுப்பக்கம் அழுத்தம் வந்துச்சா? உடனே இடது காலைப் பிவட்டா வெச்சு, வலது காலைப் பின்னால பேஸ்லைன் பக்கம் போட்டுத் திரும்புங்க. ரிங் கண்ணுக்கு முன்னாடி வந்துடும். சாய்ஞ்சே ஷாட் போடலாம்.

அவன் சுதாரிச்சுக் கிட்ட வந்துட்டானா? பந்தை நெத்தி வரைக்கும் தூக்கி ஷாட் மாதிரி காட்டுங்க, முழங்கால் மடிஞ்சே இருக்கட்டும். அவன் குதிச்சதும் வலது காலைக் குறுக்கே போட்டு அவன் கைக்குக் கீழ நுழைஞ்சு போடுங்க. இங்கதான் நிறைய பேர் விசில் வாங்குறது. இடது காலைத் தூக்கலாம், ஆனா அது திரும்பத் தரையைத் தொடுறதுக்குள்ள பந்து கையை விட்டிருக்கணும். ஷாட் போடாம டிரிபிள் (பந்தைத் தரையில தட்டிட்டுப் போறது) பண்ணப்போறீங்கன்னா, அந்தக் காலைத் தூக்குறதுக்கு முன்னாடியே பந்து கையை விட்டுடணும். ரெண்டு விதியையும் குழப்பிக்காதீங்க.

அவசரம்தான் இந்த மூவுக்கு எதிரி. தோளும் காலும் ஒண்ணா திரும்பினா யாரும் ஏமாற மாட்டாங்க. தோள் முதல்ல, ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் கால்.

தங்கச்சிங்களுக்கு ஒரு நல்ல செய்தி. தமிழ்ப்பள்ளியில வலைப்பந்து ஆடியிருக்கீங்கதானே? அதுலயும் இறங்கின காலைத் தூக்கலாம், திரும்ப ஊன்றதுக்குள்ள பந்தை விட்டாகணும். ஒலாஜுவான் ஹேண்ட்பால்ல இருந்து வந்த மாதிரி நீங்களும் பாதி பாடம் முடிச்சுட்டுத்தான் வர்றீங்க. பயிற்சியாளருங்க இதைக் கவனிக்கணும், ரொம்ப ஆசையா கேட்டுக்கிறேன்.

மூணு விநாடி விதியையும் மறக்காதீங்க: பந்து நம்ம அணிகிட்ட இருக்கும்போது, எதிரணி ரிங்குக்கு முன்னாடி கோடு போட்ட பெயிண்ட்ங்கிற கட்டத்துல மூணு விநாடிக்கு மேல நிக்கக் கூடாது. நம்ம ஊர்ல ஃபிபா (உலகக் கூடைப்பந்து சம்மேளனம்) விதிதான், பெயிண்ட் 4.9 மீட்டர் அகலம். பழைய கோர்ட்டுகள்ல கீழ விரிஞ்ச பழைய கோடு இன்னும் இருக்கும், அதைப் பார்த்துப் பழகினா போட்டியில இடம் தப்பும்.

தினம் செய்யறதுக்கு மைக்கன் டிரில். ரிங்குக்குக் கீழ நின்னு வலப்பக்கம் வலது கையால, இடப்பக்கம் இடது கையால, மாத்தி மாத்தி 30 விநாடி ஷாட் போடுங்க. பந்து தாடைக்குக் கீழ இறங்கக் கூடாது. மூணு செட் போதும். 12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு 5-ஆம் நம்பர் பந்து கொடுங்க. பெரிய பந்தைக் கொடுத்தா தோளால தள்ளிப் பழகிடும், அப்புறம் திருத்தறது கஷ்டம்.

அப்பா அம்மாங்களுக்கு: வேகமா வளர்ற வயசுல முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு மேட்டுல வலின்னு பிள்ளை சொன்னா, "பழகினா சரியாயிடும்"னு விடாதீங்க. தொடைத் தசை அந்த இடத்தை இழுக்குறதால வர்ற வலி அது. குதிக்கிறதைக் குறைச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஈரமான சிமெண்ட் தரையில பிவட் பயிற்சி வேணவே வேணாம், கால் வழுக்கினா முழங்கால் திருகும்.

நோன்பு நாள்ல எப்படிப் பழகறதுன்னு நோன்பு இருக்கிற தம்பிங்களும் கேட்டிருந்தீங்க. 1995 பிப்ரவரி முழுக்க ரமலான். பகல்ல தண்ணிகூட குடிக்காம ஆடினாரு ஒலாஜுவான், அந்த மாசத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினாரு. அவரு தொழில்முறை ஆட்டக்காரர், பார்த்துக்க மருத்துவக் குழு இருந்துச்சு. நீங்க நோன்பு துறக்கறதுக்கு முன்னாடி நின்ன இடத்துல பிவட், ஷாட் மட்டும் பாருங்க. ஓட்டமும் குதிக்கிறதும் ராத்திரி, தண்ணி நல்லா குடிச்ச பிறகு.

அடுத்த வீடியோ பாக்ஸ் அவுட், அதாவது தவறின ஷாட்டைப் பிடிக்க எதிராளியை முதுகால மறிச்சு நிக்கிறது. ஒரு கூட்டாளியைக் கூட்டிட்டு வாங்க, அதைத் தனியா பழக முடியாது.