குயில்ட் தைக்க எந்த மிஷின்? தாம்பரம் நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று முதலில் தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 15 ஆண்டுகளாகக் கால் மிஷினில் ரவிக்கை தைத்து வரும் அவர், வீட்டில் சேர்ந்துவிட்ட துண்டுத் துணிகளைக் கொண்டு குயில்ட் தைக்க விரும்புகிறார். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி என்று மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வையைத்தான் குயில்ட் என்கிறோம். கடைக்காரர் 200 வகைத் தையல் போடும் கம்ப்யூட்டர் மிஷினைக் காட்டுகிறாராம். அமெரிக்காவில் இருக்கும் மகனோ அங்கிருந்தே ஒன்றை வாங்கி வருகிறேன் என்கிறாராம். எதை வாங்குவது, வாங்கிய பின் எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறார்.

அந்த 200 வகையை முதலில் மறந்துவிடுங்கள், சகோதரி. என் முதல் மின்சார மிஷினை நானும் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வாங்கினேன். பூவும் இலையும் வாத்து வரிசையும் போடும் மிஷின் அது. இத்தனை ஆண்டுகளில் அந்த வாத்துகளை ஒரே ஒரு குழந்தைத் துண்டில்தான் தைத்திருக்கிறேன். குயில்ட் வேலையில் பெரும்பகுதி நேர்த்தையல்தான். மேலே வெட்டி ஒட்டும் உருவங்களின் ஓரத்துக்கு ஜிக்ஜாக் தேவைப்படும், அவ்வளவுதான்.

கடையில் நீங்கள் டேப் வைத்து அளக்க வேண்டியது வேறொன்று. ஊசிக்கும் அதன் வலப்பக்கத்தில் நிற்கும் தூணுக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண வீட்டு மிஷின்களில் அது ஆறு, ஏழு அங்குலம் இருக்கும். குயில்ட்டுக்கென்றே செய்யப்படும் பெரிய மிஷின்களில் ஒன்பது, பத்து, பதினோரு அங்குலம் வரை போகும். ரவிக்கை தைப்பவருக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் துணி முழுவதும் இடப்பக்கமே கிடக்கும். குயில்ட்டில் நாம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு போவதால், 90 அங்குல அகலப் போர்வை என்றால் முதல் தையலிலேயே 45 அங்குலத் துணி, பஞ்சோடு சுருட்டப்பட்டு, அந்தச் சந்துக்குள் புகுந்தாக வேண்டும். ஆறு அங்குலச் சந்தில் அதைத் திணித்துக்கொண்டு தைப்பது, மெத்தையைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றுவதைப் போன்றது; ஏற்றிவிடலாம், ஆனால் அதன் பிறகு யாரும் கையை அசைக்க முடியாது. ஆகவே பெரிய மிஷின் வாங்கப் பணம் இல்லையென்றால், மிஷினைக் குறை சொல்லாமல் போர்வையைச் சிறியதாக்குங்கள். 36 அங்குலச் சதுரக் குழந்தைப் போர்வையில் பாதி 18 அங்குலம்தான். அது எந்த மிஷினிலும் நுழையும்.

அடுத்து, துணியைத் தள்ளும் பற்களைக் கீழே இறக்க முடியுமா என்று கேளுங்கள். சிலவற்றில் அதற்கென்று ஒரு நெம்புகோல் இருக்கும், சிலவற்றில் பற்களை மூடும் தகடு தருவார்கள். இரண்டில் எதுவானாலும் சரி; பிற்பாடு கையாலேயே துணியை நகர்த்தி வளைவுகள் தைக்க இது வேண்டும். அதோடு, வாக்கிங் ஃபுட் எனப்படும் பாதம் அந்த மிஷினுக்குக் கிடைக்குமா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். அடியில் இருக்கும் பற்கள் அடித் துணியை மட்டும் இழுப்பதால் மேல் துணி பின்தங்கிச் சுருக்கம் விழுகிறது. இந்தப் பாதம் மேலேயும் பற்களை வைத்துக்கொண்டு மூன்றடுக்கையும் ஒன்றாக நகர்த்துகிறது. அதன் பக்கவாட்டில் நீண்டிருக்கும் கை, ஊசியைப் பிடித்திருக்கும் திருகின் மேல் உட்கார வேண்டும். அதை விட்டுவிட்டு மாட்டினால் பாதம் நடக்காது.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் துணியையும் பஞ்சையும் வைத்து ஒரு அடிச் சதுரத்தில் மூன்றடுக்கு செய்து எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் விறைப்பான ஒற்றைத் துணியில் தைத்துக் காட்டும்போது எல்லா மிஷின்களும் அழகாகத்தான் தைக்கும். உங்கள் துண்டை வைத்து, மெதுவாக, தையல் சேரும் தடித்த இடத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். அங்கே திணறினால் உஷா என்றாலும் சிங்கர் என்றாலும் பிரதர் என்றாலும் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம்.

மகன் வாங்கி வரும் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க வீடுகளில் மின்சாரம் 120 வோல்ட், நம் வீடுகளில் 230 வோல்ட். மிஷினின் தகட்டில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தாலொழிய, அதை நம் பிளக்கில் நேராகச் செருகக் கூடாது. மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரைக் கூடவே வைத்துக் காலம் முழுவதும் மாரடிக்க வேண்டும். உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். மிஷினை இங்கேயே, பழுது பார்க்க ஆள் வரக்கூடிய கடையில் வாங்குங்கள். மகனிடம் குயில்ட் ஊசிகளையும், தையலைத் துணியின் ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் போட உதவும், உங்கள் மாடலுக்குப் பொருந்தும் கால் அங்குலப் பாதத்தையும் கேளுங்கள். பெட்டியில் இடமும் மிச்சம்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இருந்து வரும் பழைய பவர் மிஷினை வாங்கலாமா என்று வேறு சிலரும் கேட்கிறார்கள். இடைவெளி தாராளமாக இருக்கும், உறுதியாகவும் இருக்கும். ஆனால் நிமிடத்துக்கு 4000, 5000 தையல் போடுவதற்காகச் செய்யப்பட்டது அது, பற்களை இறக்கும் வசதியும் பொதுவாக இருக்காது. புதிதாகக் கற்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி பழகுவதைப் பற்றி. உங்கள் 15 ஆண்டு அனுபவமே முதலில் குறுக்கே நிற்கும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ரவிக்கையில் பிற்பாடு பிரித்து விடுவதற்கென்று உள்ளே தாராளமாகத் துணி விடுகிறோம். கண்ணளவில் சற்று முன்பின் போனாலும் உடுத்தும்போது தெரியாது. ஒட்டுத்துணி வேலையில் தையலுக்கு விடுவது கால் அங்குலம், அதில் பேரமே கிடையாது. ஒவ்வொரு தையலிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தால், இரு துணிகளிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போகிறது. எட்டுத் தையல் உள்ள கட்டத்தில் ஒரு முழு அங்குலம் காணாமல் போய்விடும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி அடுத்தடுத்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரி.

தைக்கும்போது அடியில் நூல் கொசகொசவென்று சிக்கினால், எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றித் திருகத் தொடங்குகிறார்கள். குற்றம் பெரும்பாலும் மேல் நூலில்தான் இருக்கும். பாதம் இறங்கியிருக்கும்போது, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொள்ளும். அப்போது நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு இடையில் போகாமல் மேலேயே நிற்கும். பாதத்தைத் தூக்கி வைத்து, மேல் நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துவிடுங்கள்; பத்தில் எட்டு முறை அதோடு முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

நேர்க்கோடுகளில் கை வந்த பிறகு, பற்களை இறக்கிவிட்டு, ஊசியோடு ஏறி இறங்கும் துள்ளும் பாதத்தை மாட்டி, கையாலேயே துணியை நகர்த்தி வளைவுகள் போடுவதற்கு வரலாம். சிக்குக் கோலம் போடுபவர்களுக்கு இது பாதி தெரிந்த வித்தை. கை எடுக்காமல், ஒரே இழையாக, வளைந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், கோலத்தில் தரை நிற்கிறது, மாவு பிடித்த கை நகர்கிறது. இங்கே ஊசி ஒரே இடத்தில் நிற்கிறது, நாம் தரையை நகர்த்துகிறோம். முதல் நாளில் மூளை இதை ஒப்புக்கொள்ளாது. தையலின் நீளத்தையும் இப்போது மிஷின் தீர்மானிப்பதில்லை. கை வேகமாகவும் மோட்டார் மெதுவாகவும் போனால் தையல் நீண்டுவிடும், எதிர்மாறானால் பொடிப்பொடியாக விழும். தொடங்குமுன் ஒரு தையல் போட்டு அடிநூலை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். பற்கள் இறங்கியிருந்தாலும் பாதத்தின் நெம்புகோலை இறக்க மறக்காதீர்கள். ஓர் அடிச் சதுரத் துண்டுகளில் தினமும் கால் மணி நேரம் என்று இரண்டு வாரம் செய்து, ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி எழுதி வையுங்கள்.

ஊசியில் 90/14 எண் வைத்துக்கொள்ளுங்கள். குயில்ட்டுக்குப் பருத்தித் துணி தேட சென்னையில் கோடவுன் தெருவும், நூல், ஊசிக்கு ராசப்ப செட்டி தெருவும் போதும். துணியைத் தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். நம் கட்டம் போட்ட கைத்தறித் துணிகள் நன்றாகவே சுருங்கும். இன்னொன்று, மூன்றடுக்கையும் சேர்த்துப் பிடிக்கக் குத்தும் பின்களை மழைக்காலத்தில் துணியிலேயே விட்டுவைக்காதீர்கள். அடையாறில் இருந்தபோது ஒரு ஐப்பசியில் அப்படி விட்டுவிட்டு, வெள்ளைத் துணியில் வரிசையாகத் துருப்புள்ளிகளைப் பார்த்தேன். அவற்றின் மேலேயே பூ வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று.

பழைய கால் மிஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். துண்டுகளை இணைக்கும் நேர்த்தையலுக்கு அதைவிட நல்ல மிஷின் கிடைப்பது அரிது, மின்சாரம் நின்றாலும் அது நிற்காது. இணைப்பு வேலையை அதில் முடித்துவிட்டு, மூன்றடுக்கைத் தைக்க மட்டும் புதியதற்கு வாருங்கள். கால் மிஷினின் மேஜையைப் புது மிஷினின் இடப்பக்கத்தில் ஒட்டிப் போட்டால், போர்வை தரையில் தொங்கி ஊசியை இழுக்காமல் அதன் மேல் படுத்துக்கொள்ளும்.