வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, தொழிற்சங்கப் பணியில் தலை நரைத்து, இன்றும் முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, இந்த அரங்கைத் திறந்துவிட்டுக் கடைசி நாற்காலி வரை தானே தூக்கிப் போட்ட நூலகர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய செயலாளர் தம்பி அவர்களே, பெட்டி கட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

செயலாளர் தம்பி என்னிடம் தந்த தலைப்பு, 'விடுமுறையும் நண்பர்களும்'. விடுமுறை நெருங்கும்போது நாலு நண்பர்கள் கூடினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். "நீ எங்கே போறே?" என்று ஒருவர் கேட்பார். அடுத்த நிமிடம் ஒருவர் கைப்பேசியில் வரைபடத்தை விரிப்பார், இன்னொருவர் பழைய படங்களைக் காட்டுவார், மூன்றாமவர் "அங்கெல்லாம் போகாதே, நான் சொல்ற இடத்துக்குப் போ" என்பார். எனக்கு இந்தப் பேச்சு உயிர். பயணத்தில் பாதி மகிழ்ச்சி இந்தப் பேச்சிலேயே கிடைத்துவிடுகிறது.

என் தாய் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்று இங்கே பலருக்குத் தெரியும். இன்றும் சொல்வேன். மூன்று செய்திகளைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, யாரிடம் யோசனை கேட்பது. இரண்டு, கேட்ட யோசனையை எப்படி எடை போடுவது. மூன்று, கூடப் போகிறவர்களோடு செலவைப் பங்கு போடுவது.

அதற்கு முன், முதல் வரிசையில் இருக்கும் பெரியவருக்கு ஒரு நன்றிக்கடன் இருக்கிறது. நாம் இன்று 'லீவு போட்டாச்சு' என்று சுலபமாகச் சொல்கிறோம். சம்பளத்தோடு விடுமுறை என்பது உழைத்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய உரிமை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதற்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது 1936-இல்தான். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குக் குறைந்தது 6 வேலை நாள் சம்பள விடுமுறை என்றது அது. 1948-இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் மனிதனின் உரிமை என்று எழுதி வைத்தது. 1970-இல் வந்த புதிய உடன்படிக்கை அந்த ஆறு நாளை மூன்று வாரமாக்கியது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வாய் திறந்து கேட்டவர்களால்தான் நமக்கு விடுமுறை இருக்கிறது. ஐயா, உங்களைப் போன்றவர்களுக்கு இந்த அவையின் சார்பில் என் வணக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நண்பர் சொல்லும் யோசனை பொய்யாக இருப்பது அரிது. பழையதாக இருப்பதுதான் வழக்கம். "பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டுவிடு, கையில் சுமை குறையும்" என்று ஒரு நண்பர் அன்போடு சொல்வார். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். சரக்கு அறைக்குள் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பக்கத்தில் இருந்து அணைக்க ஆள் கிடையாது, அதனால்தான் அந்த விதி. பேட்டரி சேமிக்கும் மின்னாற்றலை வாட்-மணி என்று அளப்பார்கள், பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கும் சாதாரண பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணி வரும், அதனால் வரம்புக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் சில விமான நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு விதி போட்டிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டும் அப்படித்தான். காலாவதி ஆக இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம். பல நாடுகள் ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று கேட்கும். நமக்கு யோசனை சொன்ன நண்பர் போனபோது அவருடைய கடவுச்சீட்டு புத்தம் புதிது, அதனால் இந்த விதி அவர் கண்ணில் படவே இல்லை.

உடம்பு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மருத்துவர் அம்மா முன்னால் மருத்துவம் பேசுவது முறையில்லை, அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். 2,500 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு உயர நோய் வரலாம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. "நான் ஒரே நாள்ல ஏறினேன், எனக்கு ஒண்ணும் ஆகலே" என்று நண்பர் சொன்னால், அது அவர் உடம்பின் கதை. போன தடவை ஒன்றும் ஆகாதவருக்கே அடுத்த தடவை வரலாம் என்கிறார் அம்மா.

ஆகவே யோசனை கேட்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது போனாய்? யாரோடு போனாய்? எந்தப் பக்கத்திலிருந்து போனாய்? இந்த மூன்றாவது கேள்வியை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் நீளும், தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, இதே மாதிரி ஒரு விடுமுறைக்கு முந்தைய மாலை. என் வீட்டுக் கூடத்தில் ஐந்து நண்பர்கள். ஒரு மலையுச்சியைப் பற்றிப் பேச்சு ஓடியது. எங்களில் மூத்தவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "முன்பக்கப் பாதை சுத்து. பின்பக்கமா ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு. அரை மணி நேரம்தான். கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்." கூடத்து மூலையில் என் மகள், அப்போது ஒன்பது வயது, நோட்டில் ஏதோ வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு அன்று வேலை, வரவில்லை. நாங்கள் நால்வர் கிளம்பினோம். வீட்டில், "மலைக்குப் போறோம், ராத்திரிக்குள்ள வந்துடுவோம்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மதியம் மூன்று மணிக்குப் பின்பக்கப் பாதையில் கால் வைத்தோம். மழைக்குப் பிந்தைய மாதம். பத்து நிமிடம் பாதை இருந்தது. அப்புறம் இடுப்பளவு புல். பாசி பிடித்த பாறையில் ஒருவர் கால் வழுக்கி உட்கார்ந்தார். கணுக்கால் எங்கள் கண் முன்னாலேயே வீங்கி, ஷூ கயிறு சதைக்குள் புதைந்தது. கயிற்றை அறுத்துத்தான் ஷூவைக் கழற்றினோம். அவரைத் தாங்கிக்கொண்டு ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இருட்டிவிட்டது. கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. நான்கு பேருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட், அரை பாட்டில் தண்ணீர். பாறை இடுக்கில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம். நள்ளிரவுக்குப் பிறகு அடிபட்டவருக்குப் பல் கிட்டித்து நடுங்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

வீட்டில் என்ன நடந்தது? ஒன்பது மணி வரை பொறுத்தார்கள். பத்து மணிக்கு அக்கம்பக்கத்தைக் கூட்டினார்கள். பதினோரு மணிக்குத் தேட ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். எங்கே தேடினார்கள்? முன்பக்கப் பாதையில். உச்சி வரை ஏறி, பெயர் சொல்லிக் கூவி, கீழே வந்துவிட்டார்கள். நாங்கள் மலையின் மறுபக்கத்தில் இருந்தோம். அவர்கள் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை, எங்கள் குரல் அவர்களுக்கு எட்டவில்லை.

விடியற்காலை நான்கு மணி. என் மனைவி வாசலில் நிற்கிறாள். மகள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கேட்டிருக்கிறாள்: "அம்மா, அன்னைக்குப் பெரியப்பா பின்பக்கமா ஒரு வழி சொன்னாரே, அங்கே பாத்தாங்களா?" அண்ணனுக்குப் போன் போனது. அவர் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி வந்து, தேடும் ஆட்களுக்கு முன்னால் தானே ஏறினார். காலை ஆறேகாலுக்கு அவர் தலை அந்தப் புல்லுக்கு மேலே தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் தாய் சொன்னார். அன்று வாயுள்ள ஒரு பிள்ளை நான்கு பேரைப் பிழைக்க வைத்தது.

பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது, அண்ணன் இருபது வயதில், கோடையில், அந்தப் பாதையில் ஓடி இறங்கியிருக்கிறார். ஏறியதே இல்லை. மலை ஏறுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்னது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் பாதை சுமார் 3 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். கணக்குப் போட்டால் ஓய்வே எடுக்காமல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அதுவும் காய்ந்த, தெளிவான பாதையில். அண்ணன் சொன்ன அரை மணி அவருக்கு உண்மை. எங்களுக்கு அது ஓர் இரவு.

இதைக் கேட்டுவிட்டு, "நாங்கள் மலைக்கெல்லாம் போவதில்லை" என்று சிலர் நினைக்கலாம். மலையோ கடற்கரையோ, தெரியாத நகரமோ, போன இடம் யாருக்கும் தெரியாவிட்டால் நிலைமை ஒன்றுதான். அமெரிக்காவில் ஏரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் 2003 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் புளூஜான் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போனார். எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. உருண்ட பாறை ஒன்று அவர் வலது கையைச் சுவரோடு அழுத்திக்கொண்டது. ஐந்து நாள் தனியாக நின்று, கடைசியில் மழுங்கிய கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். மலையேற்றத்தில் நல்ல அனுபவசாலி அவர். புறப்படும் முன் ஒருவரிடம் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்லியிருந்தால், தேடுகிறவர்களுக்கு எங்கே தேடுவது என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதனால்தான் நண்பர்களே, சில ஆண்டுகளாக ஒரே விஷயத்துக்காகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பயணத் தாள். இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது, அடுத்த வாரம் நான் போகும் பயணத்துக்கு எழுதியது. நான்காக மடித்த ஒரே தாள். முதல் வரியில் யார் யார் போகிறோம். அடுத்து எங்கே, எந்த வழியாக. அதற்கடுத்து எந்த வண்டி, எங்கே தங்கல், கூட வருபவரின் எண். யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வரி. கடைசியில், சிவப்பு மையில், ஒரு நேரம்: ஞாயிறு இரவு 9 மணி. திரும்பி வரும் நேரம் ஆறு மணி. ஒன்பது மணி என்பது, அதற்குள் என் குரல் கேட்காவிட்டால் தேடத் தொடங்க வேண்டிய நேரம். இந்தத் தாளில் உயிர் இந்த வரிதான். இது இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர், "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், ஏதாவது நினைத்துக்கொள்வார்கள்" என்று தயங்கியே நேரத்தைக் கடத்திவிடுவார். எங்கள் வீட்டில் பத்து மணி வரை நடந்தது அந்தத் தயக்கம்தான்.

தாளின் ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று ஒரு நண்பரிடம். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாலும் சரி. வழியில் திட்டம் மாறினால், மாறும் முன்பே ஒரு செய்தி அனுப்புங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமான இடத்திலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும். திரும்பி வந்ததும் 'வந்துவிட்டோம்' என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த நண்பர் வீணாக ஓடுவார். கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை. மலைப் பகுதிகளில் உதவி கேட்கும் பழைய அடையாளம் அது. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஊதுவார். அந்த இரவில் எங்களிடம் ஒரு விசில் இருந்திருந்தால்!

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றால், வழி கேட்கத் தெரிந்தவன் பிழைப்பான் என்றுதான் பொருள் சொல்வார்கள். போகும் வழியைச் சொல்லிவிட்டுப் போகிற வாயையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி வருகிறேன்.

செலவைப் பங்கு போடுவது பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் அவர்கள் முடிவுரை ஆற்ற வேண்டும், மருத்துவர் அம்மா இரவுப் பணிக்குப் போக வேண்டும். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நூலகர் ஐயா தன் செலவில் இருநூறு பயணத் தாள்களை அச்சடித்துத் தந்திருக்கிறார், அவருக்கு என் மனமார்ந்த நன்றி. வாசல் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேனா செயலாளர் தம்பியிடம் இருக்கிறது. இந்த வாரமே கிளம்புகிறவர்கள் இங்கேயே உட்கார்ந்து எழுதி, பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போங்கள். சிவப்பு மை வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.