சாயங்கால மழையும் விளையாட்டு விழாவும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். உடற்கல்வி ஆசிரியருக்கு மழையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கல்லூரி மைதானத்திலேயே காலம் தள்ளியவன் வானத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்?

மதுரை மழையின் குணம் உங்களுக்கே தெரியும். காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில், மத்தியானம் புழுக்கம், நாலு மணிக்கு மேல் வானம் கறுக்கும், அப்புறம் கொட்டும். பகலெல்லாம் தரை சூடேறி, ஈரக்காற்று மேலே கிளம்பித் திரள்கிற இடிமழை இது. நம் ஊரில் அதிகம் மழை பெய்கிற மாதம் அக்டோபர். அந்த மாதத்தில் விழாவை எத்தனை மணிக்கு வைக்கிறோம்? சாயங்காலம் நாலு மணிக்கு! சிறப்பு விருந்தினருக்கு அதுதான் தோதான நேரமாம். கமிட்டிக் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: காலை ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள்.

ஒரு கல்லூரி விளையாட்டு விழா. பெயர் வேண்டாம். மைதானத்தில் கோடு போடும் ஊழியரான மார்க்கர், முந்தின நாள் இருட்டும்வரை கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூள் போட்டு, 400 மீட்டர் ஓடுதளம் வரைந்திருந்தார். விருந்தினர் வர ஐந்து மணி. அணிவகுப்பு, ஜோதி, உறுதிமொழி, அவருடைய நீண்ட உரை. 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்துக்குப் பையன்கள் வந்து நிற்கவும் மழை பிடித்துக்கொண்டது. பத்து நிமிடந்தான். விட்டதும் பார்த்தால் கோடு ஒன்றுகூட இல்லை, சுண்ணாம்பு பாலாக ஓடுகிறது. கோல் மாற்றும் எல்லை அப்போது 20 மீட்டர், இப்போது 30. அந்த எல்லையே காணோம். மார்க்கர் செருப்பைக் கழற்றிவிட்டு, தான் அடித்திருந்த முளைக்குச்சிகளைச் சேற்றில் காலாலேயே துழாவிக் கண்டுபிடித்தார். கோட்டுக்குப் பதிலாக, குச்சிக்கு ஒருவராக மாணவர்களை நிறுத்தினோம். ஓட்டம் முடிந்ததும் தோற்ற அணி சண்டைக்கு வந்தது: "சார், அந்தக் கோடு ஓரடி நகர்ந்து நின்னுச்சு!" அந்தப் பையனும் ஆமாம், நகர்ந்தேன் என்று ஒப்புக்கொண்டான். ஓடிவந்தவன் மேலே விழுந்துவிடுவானோ என்று பயமாம். மறுபடி ஓடவிட வெளிச்சம் ஏது? காலையில் வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. சரி, திரும்பத் திரும்ப அதையே சொல்கிறேன்.

மண்ணையும் பார்க்க வேண்டும். செம்மண் மைதானம் சீக்கிரம் காயும், சாக்கை வைத்து ஒற்றி, மரத்தூள் தூவினால் ஒப்பேற்றிவிடலாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. ஷூவில் களி கட்டிவிடும், ஓடவே முடியாது. அங்கே தேதியை மாற்றுவதுதான் வழி. பட்டமளிப்பு விழா என்றால் பேசாமல் அரங்கத்துக்குள் போய்விடுங்கள். ஷாமியானா துணி தண்ணீரைத் தாங்காது, நடுவில் தொட்டிபோலத் தொங்கும், யாராவது கம்பை வைத்துக் குத்துவார்கள், அவ்வளவும் முன்வரிசையின் தலையில்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மின்னலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிகூட இல்லையென்றால் இடிமழை பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று கணக்கு. உடனே போட்டியை நிறுத்துங்கள். மரத்தடி கூடாது, இரும்புக் கால் நட்ட பந்தலும் கூடாது, கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் மைதானத்தில் இறங்க வேண்டும். விருந்தினர் அவசரப்பட்டாலும் சரி. வணக்கம்.