டார்மர் வைத்த சரிவுக் கூரை: எனர்ஜி மாடல் எங்கே சறுக்குகிறது?

(திரை: லண்டன் வரிசை வீடுகளின் பின்பக்கம்)

லண்டனில் பழைய வரிசை வீடுகளின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஓட்டுக் கூரையைக் கிழித்துக்கொண்டு ஒரு பெட்டி வெளியே நிற்கும். முகப்பில் ஜன்னல், இரண்டு பக்கமும் முக்கோணச் சுவர், மேலே தட்டைக் கூரை. இதுதான் டார்மர். பரணைப் படுக்கையறை ஆக்கும்போது தலை இடிக்காமல் நிற்க இடம் வேண்டுமே, அதற்காக வைப்பது. பெயரும் 'தூங்கும் இடம்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்த வீட்டை எனர்ஜிபிளஸில், அதாவது கட்டடத்தின் வெப்பத்தையும் மின்தேவையையும் கணக்கிடும் மென்பொருளில், மாடல் செய்ய வேண்டும். ஓப்பன்ஸ்டுடியோ, டிசைன்பில்டர் போன்ற வரையும் மென்பொருள்களில் எதில் வரைந்தாலும் உள்ளே கணக்குப் போடுவது அதுதான்.

மவுஸைத் தொடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் எங்கே ஓடுகிறது? கீழ்த்தள அறையின் சீலிங் மேல் விரித்திருந்தால் பரண் ஒரு குளிர்ந்த தனி ஸோன் (ஒரே வெப்பநிலை என்று மாடல் எடுத்துக்கொள்ளும் பகுதி). அங்கே டார்மர் வெறும் அலங்காரம். விட்டுவிட்டாலும் பெரிய பாதகமில்லை. கைமரங்களோடு சாய்வாக ஏறினால் பரண் வாழும் அறை. அப்போது டார்மரும் அந்த அறையின் ஸோனிலேயே சேர வேண்டும். அதைத் தனி ஸோனாகப் பிரித்தால் நடுவில் காற்று எப்படிக் கலக்கிறது என்று நீங்களே சொல்லித் தொலைக்க வேண்டும். வேண்டாத வேலை.

"இவ்வளவு சின்னப் பெட்டிக்கு இத்தனை பாடா? சரிவிலேயே, கூரையோடு ஒட்டிச் சாய்ந்த ஜன்னலாக ஒரு ஸ்கைலைட் போட்டுவிடலாமே" என்று தோன்றும். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

(திரை: டார்மரின் பக்கவாட்டுப் படம், அளவுகளுடன்)

கூரைச் சரிவு 45 டிகிரி. டார்மர் 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம். சரிவு 45 என்பதால் ஆழமும் 1.5 மீட்டர். முகப்பு 3 சதுர மீட்டர், மேல்தளம் 3, பக்க முக்கோணங்கள் தலா 1.125. மொத்தம் 8.25. இதற்காகக் கூரையில் வெட்டி எடுத்தது 4.24 சதுர மீட்டர்தான். வெப்பம் வெளியேறும் பரப்பு அந்த இடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. ஸ்கைலைட் போட்டால் இதில் பாதி மாடலிலிருந்தே காணாமல் போகும்.

வெயிலும் தப்பாகிவிடும். ஜூன் கடைசி வாக்கில் லண்டனில் நண்பகல் சூரியன் சுமார் 62 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு நோக்கிச் சாய்ந்த 45 டிகிரி கண்ணாடியில், செங்குத்துக் கண்ணாடியைப் போல இரண்டு மடங்கு நேரடி வெயில் விழும். வானமும் அப்படித்தான்: செங்குத்து ஜன்னலுக்குப் பாதி வானம் தெரியும், சாய்ந்ததற்கு 85 சதவீதம். கோடையில் அறை தேவையில்லாமல் கொதிக்கும், குளிர்கால இரவில் அதே கண்ணாடி வானத்துக்கு வெப்பத்தை அதிகமாக இழக்கும். ஆகவே டார்மரை டார்மராகவே வரைவோம்.

முதல் சிக்கல் ஓட்டை. சரிவின் நடுவே டார்மர் வந்தால் கூரைப் பலகோணத்தில் துளை விழும். எனர்ஜிபிளஸின் சர்ஃபேஸில், அதாவது சுவர், கூரை என்று தனித்தனியாகக் கொடுக்கும் தளத்தில், துளை போட முடியாது. கூரையை நான்கு துண்டாக வெட்டுங்கள்: டார்மருக்கு மேலே முகடு வரை ஒன்று, கீழே இறவாரம் வரை ஒன்று, இடம் வலம் ஒவ்வொன்று. எல்லாமே குழிவில்லாத நாற்கோணங்கள், அதனால் நிழல் கணக்கும் குழம்பாது.

இரண்டாவது, இடைவெளி. சரிவு 37 டிகிரி என்றால் ஆயத்தொலைவுகள் எல்லாம் தசமமாக வரும். ஒரு மூலையை ஒரு சர்ஃபேஸில் ஒரு மதிப்பாகவும் அதையே அடுத்த சர்ஃபேஸில் சற்றுத் தள்ளி வேறு மதிப்பாகவும் எழுதினால் ஸோன் முழுதாக மூடாமல் போகலாம். எனர்ஜிபிளஸ் அதற்காக நிற்காது. எர்ரர் ஃபைலில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு, கன அளவை வேறு வழியில் மதிப்பிட்டுக்கொண்டு ஓடிவிடும். காற்றுக் கசிவை மணிக்கு இத்தனை காற்று மாற்றம் என்று கொடுத்திருந்தால் கன அளவை நம்பியிருக்கும் அந்தக் கணக்கும் சேர்ந்தே சாயும்.

மூன்றாவதில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு பக்க முக்கோணத்தை வரைந்து, எக்ஸ் மதிப்பை மட்டும் மாற்றி மறுபக்கத்துக்கு நகல் எடுத்தேன். வழக்கமான அமைப்பில், வெளியே நின்று பார்த்தால் முனைகள் இடஞ்சுழியாக வர வேண்டும். நகலில் அது வலஞ்சுழியாகிவிடும்! கிழக்குச் சுவர் மேற்கைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு சாயங்கால வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது. முடிவுகள் பார்க்க நியாயமாகவே இருந்தன, அதுதான் கொடுமை. அதிலிருந்து, ரன் முடிந்ததும் சர்ஃபேஸ் பட்டியலில் பக்கச் சுவர்களின் திசைக்கோணத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அப்புறம், ஒரே கூரையில் மூன்று டார்மர் இருந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பெரிதாக வரைவது பலரின் வழக்கம். ஜன்னல் பரப்பு சரியாக இருக்கும். பக்கச் சுவர்கள் மட்டும் ஆறிலிருந்து இரண்டாகும். நம் அளவில் 4.5 சதுர மீட்டர் சுவர் காணாமல் போகும்.