ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில், பத்தாம் வகுப்பும், பி.யு.சி. என்னும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பும் முடித்த தமிழ் மாணவர்களுக்கு நடந்த பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, மன்றச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் பந்தலுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வட்டாரப் பெரியவர்களே, கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் நண்பர்களே, தாய்மார்களே, பரிசு வாங்கப்போகும் பிள்ளைகளே, பரிசு இல்லையென்றாலும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியை அம்மையார், நான் சொல்ல வந்ததில் பாதியை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்பர் கூட்டத்தில் மறைந்துவிட்டார். எங்கிருந்தாலும் அவருக்கும் நன்றி.

நான்கு செய்திகள் சொல்லப்போகிறேன். செலவு, விதிமுறை, தொழிற்படிப்பு, பிள்ளையின் விருப்பம். நான்குக்கும் சேர்த்து ஒரு பழமொழி: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

நம் பகுதியில் இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மா. மகன் இரண்டாம் பி.யு.சி.யில் கணக்கில் தேறியதே பெரிது. முடிவு வந்த மறுநாள் கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் வழவழப்பான விளம்பரப் புத்தகம். எட்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டு முடித்து, “அம்மா, நிர்வாக ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம் பாக்கி. இன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால் உங்கள் பையன் இன்ஜினியர்” என்றார். அம்மா சாம்பார் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “படித்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைக்கிறதா, சார்?” “நூற்றுக்கு நூறு!” “அப்படியானால் கடைசியாக வேலைக்குப் போன பிள்ளையின் போன் நம்பர் ஒன்று கொடுங்கள், பேசிப் பார்க்கிறேன்.” அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “சரி, விடுதி, புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு?” “அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அம்மா.” இப்போதுதான் அம்மா கரண்டியை வைத்தார். “நீங்கள் உட்காரும் முன்பே என் விலைப் பலகையை இரண்டு முறை பார்த்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் மட்டும் பலகை இல்லாத கடையில் இலை போட்டு உட்கார வேண்டுமா?”

கைதட்டலை அந்த அம்மாவுக்கே சேர்த்துவிடுகிறேன். வந்தவர் வடைக்கும் சேர்த்துச் சில்லறை குறையாமல் கொடுத்துவிட்டுப் போனார். மகன் இப்போது டிப்ளமோ படிக்கிறான்.

கல்விக் கடன் இருக்கிறதே என்பீர்கள். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை கட்டினால் போதும் என்று வங்கியில் சொல்வார்கள், உண்மைதான். ஆனால், வட்டி அதுவரை சும்மா இருக்காது. பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே ஏறத் தொடங்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. அதற்கும் அந்தக் கல்லூரிக்கு உரிய தரச்சான்று இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

விதிமுறையில் ஒன்றே ஒன்று. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரைக்குள் 7 ஆண்டுகளாவது இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பையோ பி.யு.சி.யையோ இங்கே தேறியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஊரில் பாட்டி வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையைச் சேலத்துக்கு அனுப்புகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி தொழிற்படிப்பு. என் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் இங்கேதான் வந்து நிற்பேன் என்று செயலாளருக்குத் தெரியும். இங்கே நரைத்த தலைகளில் பாதி எச்.ஏ.எல்., பி.இ.எல்., டெலிபோன் தொழிற்சாலை என்று அரசு ஆலைகளின் சைரனுக்கு எழுந்தவர்கள். பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படித்தால் இரண்டு ஆண்டு. பிறகு 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பயிற்சி. பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று ஆண்டு. அதை முடித்தவர் நுழைவுத் தேர்வு எழுதி பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டென்மார்க் அரசின் ஒத்துழைப்போடு 1972இல் தொடங்கிய அரசு டூல் ரூம் பயிற்சி மையம் இந்த ஊரிலேயே இருக்கிறது. அங்கே டூல் அண்ட் டை மேக்கிங், அதாவது ஆலைகளுக்கு அச்சும் கருவியும் செய்யும் டிப்ளமோவில் மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு தொழிற்சாலைப் பயிற்சி. இன்ஜினியரிங் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் வெளியே போய்ச் சொல்லாதீர்கள். அதற்கு நேர் வாசல் ஒன்று, டிப்ளமோ வழியாக இன்னொன்று என இரண்டு வாசல் இருக்கின்றன என்கிறேன். நுண்ணளவு எடுக்கும் மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பழகிய கையோடு இரண்டாவது வாசலில் நுழைகிற பையனுக்குப் பட்டறை வகுப்பில் பயமிருக்காது.

தங்கவயல் நண்பர்கள் தலையாட்டுகிறார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது கைத்தொழில் ஒன்று தெரிந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், தெரியாதவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பதை அவர்களிடம் கேளுங்கள். அதற்கு என் பேச்சு தேவையில்லை.

நேரமாயிற்று என்று பொருளாளர் இரண்டாவது சீட்டையும் அனுப்பிவிட்டார். நான்காவது செய்தியைப் பிள்ளைகள் வீட்டில் அவரவரே பேசிக்கொள்ளட்டும். என் கோரிக்கையைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். மன்றத்தின் பின்னறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே கால் உடைந்த நாற்காலிகளும் பழைய தோரணத் துணியும்தான். அதை ஒழித்து ஒரு மேசை போடுங்கள். ஞாயிறுதோறும் காலை பத்து முதல் ஒன்று வரை, ஓய்வுபெற்ற நாங்கள் முறைவைத்து உட்காருகிறோம். சேர்க்கைப் படிவம், சாதிச் சான்று, வருமானச் சான்று, கட்டண விவரம் எதுவானாலும் பிள்ளையோடு வாருங்கள். அந்த விளம்பரப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம். அந்த அறையைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாமே என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. முன்வரிசையில்தான் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். உட்கார விருப்பமுள்ள ஃபிட்டர், டர்னர், கணக்கர், செவிலியர், வங்கி ஊழியர் யாராயிருந்தாலும் சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் முன் பெயரும் பிரிவும் எழுதிவிட்டுப் போங்கள். செயலாளர் அவர்களே, சாவியை இன்றைக்கே வாங்கிக்கொள்ளலாமா? நன்றி, வணக்கம்.